பூங்காவனம் பேசிய நாள்

எங்கள் வீட்டில் ஒரு சாமி இருந்தது. மலாக்காவில், எங்கள் காஜா பெராங் பக்கம் யாரைக் கேட்டாலும் வழி சொல்லியிருப்பார்கள். அது வாய் பேசாது, உப்புச் சேர்க்காது, முக்காட்டை எடுக்காது. யார் போய் எதைச் சொல்லி அழுதாலும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அந்தச் சாமிக்குக் கஞ்சி காய்ச்சி, அது உடுத்திக் கழற்றிய சேலையைத் துவைத்துக் காயப்போட்டவள் நான். ஊருக்குத்தான் அது சாமி. எனக்கு அது என் ஓரகத்தி பூங்காவனம்.

என் பெயர் சீதா. என் வீட்டுக்காரர் ஜெயபாலன் தபாலாபீசில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணன் பொன்னுதுரை முனிசிபல் லாரி ஓட்டினார். பூங்காவனம் அந்த மூத்தவருடைய மனைவி. எங்கள் மாமியார் அஞ்சலையோடு நாங்கள் எல்லாரும் ஒரே பலகை வீட்டில் இருந்தோம். மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முந்திய சங்கதி இது.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது முதலில் கேட்டது அக்காவின் குரலைத்தான். ஆளைப் பிறகுதான் பார்த்தேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவி வளர்ந்தவள். இந்த நிரையில் நின்றுகொண்டு அந்த நிரையில் இருப்பவளைக் கூப்பிட்டுப் பேசியே பழகிய தொண்டை. கோப்பி கலக்கும்போது பேசுவாள், மீன் கழுவும்போது பேசுவாள், தூக்கத்திலும் பேசுகிறாள் என்று மூத்தவர் சலித்துக்கொள்வார். பாசாருக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கிவந்தால் அந்தக் கதை மத்தியானச் சோறு வரைக்கும் போகும். எனக்கும் வாய் சும்மா இருக்காது. குழம்புக்குப் புளி போதுமா போதாதா என்று ஆரம்பித்தால் போதும், இரண்டு பேரும் விடாக்கண்டிகள். மாமியார் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

வலி வந்தது ஒரு காலை நேரத்தில். பின்பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டவள் ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். இடது கன்னத்துக்குள் பழுக்கக் காய்ச்சின கம்பியை விட்டு இழுத்த மாதிரி இருந்ததாம். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. "ஒண்ணுமில்ல, பல்லு போலிருக்கு" என்று சிரித்தாள். சிரித்ததும் மறுபடி வந்தது.

பல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் இருந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார், வலி போகவில்லை. அதற்கு முன்னால் இருந்ததைப் பிடுங்கினார், போகவில்லை. இடது பக்கம் பிடுங்குவதற்கு இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, கோளாறு பல்லில் இல்லை, புத்தியில்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு பேச்சு மட்டும் பத்திரமாக எங்கள் வீடு வந்து சேர்ந்தது. நல்ல பல்லையெல்லாம் பிடுங்கிப்போட்டோமே என்ற பேச்சு வரவே இல்லை.

அந்த வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வந்தால் உயிரை எடுக்கும், போய்விட்டால் முகத்தில் ஒரு அடையாளமும் இருக்காது. வீக்கமில்லை, சிவப்பில்லை, காய்ச்சலில்லை. காற்றுப் பட்டால் வரும். சோற்றை மென்றால் வரும். பேச வாயைத் திறந்தால் வரும். சில நாள் வராமலே இருக்கும். அந்த நாட்களிலும் எப்போது வருமோ என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், அதுவே பாதி நோய். முகம் கழுவுவதை விட்டாள். மஞ்சள் பூசுவதை விட்டாள். பிடுங்கின புண்ணில் உப்பும் புளியும் பட்டால் எரிந்ததால் வெறுங்கஞ்சிக்கு வந்து சேர்ந்தாள். காற்றுக்குப் பயந்து எந்நேரமும் முக்காடு.

மூத்தவர் முதலில் தைலம் வாங்கிவந்தார். பிறகு மந்திரித்த கயிறு வாங்கிவந்தார். பிறகு ஒன்றும் வாங்கிவரவில்லை. "காலையில நல்லாத்தானே இருந்தா" என்பார். "வேலைன்னா மட்டும் வலி வந்துருது" என்பார் மாமியார். நானும் ஒன்றும் பொறுமைசாலி இல்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? அப்போது நான் பிள்ளை உண்டாகி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வேறு நடந்தேன்.

கந்த சஷ்டி நெருங்கியபோது அக்காவின் பேச்சு முழுக்க நின்றுவிட்டது. எதைக் கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பாள், அவ்வளவுதான். மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டில் ஒரே புகைச்சல். அந்தச் சமயத்தில்தான் சிகப்பி ஆச்சி வந்தார். டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் செட்டியார் வீட்டுப் பெண்மணி. பூசை, விரதம் என்றால் காஜா பெராங்கில் எல்லாரும் அவர் வாயைத்தான் பார்ப்போம். கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். ஜன்னலோரத்தில் முக்காட்டோடு உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"என்னத்தா, கோயிலுக்கு வரலையா?"

அக்கா பதில் பேசவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். ஆச்சி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாமியாரிடம் மெதுவாகச் சொன்னார்.

"அஞ்சலை, உன் மருமக மௌன விரதம் எடுத்திருக்கா. உங்களுக்கெல்லாம் வெளங்கலையா? யாரும் பேச்சுக் குடுத்துக் கலைச்சுப்புடாதிய."

அன்றோடு எங்கள் வீட்டுக் காற்று மாறிவிட்டது. சோம்பேறி என்று சொன்ன அதே வாய், "என் மருமக சஷ்டிக்கு எடுத்த விரதம், இன்னும் விடல" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது. மூத்தவர் அவள் இருந்த பக்கம் பீடி பிடிப்பதை விட்டார். மருந்துப் பேச்சே அடங்கிவிட்டது. விரதத்தில் இருப்பவளை யாராவது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்களா? சஷ்டி போய்க் கார்த்திகை வந்தது, கார்த்திகை போய் மார்கழி வந்தது, விரதம் நீள நீள அவளுக்கு மதிப்பும் ஏறியது.

அப்புறம் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். செவ்வாய் வெள்ளியில் கூட்டம். வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி. அவள் முன்னால் உட்கார்ந்து, புருஷன் சம்சு குடித்துவிட்டு அடிப்பதைச் சொல்வார்கள், சிங்கப்பூருக்குப் போன மகன் திரும்பாததைச் சொல்வார்கள், வேறு யாரிடமும் சொல்ல முடியாததையும் சொல்வார்கள். இவளிடம் சொன்னது வெளியே போகாது என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். எழுந்து போகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும், குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இருக்கும். ஊதுபத்திச் சாம்பலைக் கூட்டிப் பெருக்குகிற எனக்குத்தான் எரிச்சல்.

ஒரு நாள் குளியலறைக்குப் பின்னால் அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு நடுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, சத்தம் மட்டும் இல்லை. கண்ணை மட்டும் ஒற்றிக்கொண்டாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவே இல்லை. "என்னாக்கா?" என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மாமியாரிடம் சொன்னபோது, "பக்தி முத்திப்போச்சுடி, அப்படித்தான் அழுகை வரும்" என்றார். பக்தியோ பாசாங்கோ, எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. வந்துவிட்டேன்.

தை மாதம் எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

இதைச் சொல்வதற்கு எனக்கு இப்போதும் நாக்குத் தயங்குகிறது. பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது. அவள் அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது மாதிரி கேட்டது. பால் சுரந்தது, பாசம் சுரக்கவில்லை. கண் மூடினால் தூக்கம் வராது, திறந்தால் எழுந்திருக்க முடியாது. மாமியார் பூண்டும் கருவாடும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுப்பார், மண்ணைத் தின்பது மாதிரி தின்பேன். கோபம்கூட வரவில்லை. சண்டைக்காரி என்று பேர் வாங்கினவளுக்குக் கோபம் வராமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை, அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு தாய் தேவையில்லை, இருவருமே இல்லாமல் போய்விட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. விரட்டினால் போகவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் ஊரே பண்டார் ஹிலிர் பாடாங்குக்கு, அந்தப் பெரிய மைதானத்துக்குக் கிளம்பியது. லண்டனுக்குப் போன தலைவர்கள் திரும்பி வருகிறார்கள், நேரே நம் மலாக்காவில் வந்து இறங்கி, சுதந்திரம் எந்தத் தேதி என்று அங்கேயே சொல்லப்போகிறார்கள் என்று பேச்சு. என் வீட்டுக்காரர் போனார், மூத்தவர் லாரிச் சிநேகிதர்களோடு போனார். மாமியாருக்குத் தேதியைவிடக் கூட்டத்தைப் பார்க்கத்தான் ஆசை. "பச்ச உடம்புக்காரி தனியா இருக்காளேன்னு பாத்தேன். பரவால்ல, சாமி தொணைக்கு இருக்கு" என்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவரும் போனார்.

வீடு அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஊர்ப் பெண்களெல்லாம் இவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்களே, நாமும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. திரும்பிப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் உஜோங் பாசிருக்குப் போறேன். கடலுக்கு. புள்ளையையும் கொண்டுட்டுப் போறேன். திரும்பி வரமாட்டேன். யார் மேலயும் கோவமில்ல. முடியல, அவ்வளவுதான்."

அரிசி வாங்கப் போகிறேன் என்பது மாதிரிதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

"சீதா, உக்காரு."

மாதக்கணக்கில் கேட்காத குரல். துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி வந்தது. சொல்லி வாய் மூடவில்லை, முகத்தின் இடது பக்கம் அப்படியே இழுத்துக்கொண்டது. கண் செருகியது. பாயின் ஓரத்தை நகம் மடங்கப் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் மற்றொரு கை மேலே வந்து ஒரு விரலைக் காட்டியது. இரு, போகாதே என்று. நான் நின்றேன்.

வலி விட்டதும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "உனக்குக் கத்தரிக்" என்றவள் மறுபடி வெட்டுப்பட்டு நின்றாள். விரல் மேலே வந்தது. கண்ணீர் கொட்டியது. விட்டதும், நிறுத்திய இடத்திலிருந்து ஆரம்பித்தாள். "காய் பாத்து வாங்கத் தெரியாது. என்னிக்கும் முத்தலாத்தான் வாங்கிட்டு வருவே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சாகப் போகிறேன் என்று சொல்லி நிற்பவளிடம் கத்தரிக்காயா?

"என்னா பேசுறீங்க?"

"உள்ளதைத்தான். உன் கொழம்புல வெதைதான் மெதக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அடுத்த வெட்டு. எனக்கு எங்கேயோ அடியில் ஒன்று சுருக்கென்றது. பிள்ளை பிறந்ததிலிருந்து எதுவும் என்னைத் தொட்டதில்லை, இது தொட்டுவிட்டது.

"நீங்க வச்ச சம்பல் மட்டும் என்னா வாழுது? மொளகாய அரைக்காமலே போடுவீங்க."

"உங்கப்பா வூட்டுக் கல்யாணச் சோத்துல" என்று ஆரம்பித்தாள், விரல் எழுந்தது, நான் காத்துக்கொண்டு நின்றேன், நிற்கிற நேரத்தில் கோபம் ஏறிக்கொண்டே போனது, "கல்லு" என்று முடித்தாள்.

நான் செருப்போடு பாயில் உட்கார்ந்துவிட்டேன். எங்கப்பா வீட்டுச் சோற்றில் கல்லா?

அவளுக்கு என்னைத் தெரியும். கெஞ்சினால் நான் நிற்கமாட்டேன், புத்தி சொன்னால் காதிலேயே வாங்கமாட்டேன், சண்டை என்று வந்தால் முடிக்காமல் எழுந்து போகமாட்டேன். அதனால் சண்டைக்கு இழுத்தாள். மத்தியானம் வரைக்கும் இழுத்தாள். நான் கல்யாணத்துக்குக் கட்டிவந்த சேலையின் நிறத்தைக் குறை சொன்னாள். என் தம்பி விரலால் மூக்கைக் குடைவதைச் சொன்னாள். நான் துவைத்தால் வேட்டியில் நீலம் திட்டுத் திட்டாக நிற்கிறது என்றாள். மாமியார் குறட்டை விடுவது மாதிரி செய்துகாட்டினாள், செய்துவிட்டு அதற்கான விலையை முகத்தில் கொடுத்தாள். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு வெட்டு. பாதிச் சொல்லில் அறுந்து போவாள், கண்ணும் மூக்கும் ஒழுக அந்த விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாள், விட்டதும் மீதிச் சொல்லை எடுத்துக்கொண்டு வருவாள். தொலைவில் பாடாங் பக்கமிருந்து காற்றில் ஆரவாரம் வந்து வந்து போனது. நாங்கள் இங்கே நீலம் போடுவதைப் பற்றி அடித்துக்கொண்டோம்.

நடுவில் என்னிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். நான் கொடுத்தது எனக்கு நினைவில்லை. பிள்ளை விழித்துக் கையை ஆட்டியது, அந்தச் சின்ன முட்டி நேரே போய் அவளுடைய இடது கன்னத்தில் பட்டது. காற்றுப் படக்கூடாது என்று முக்காடு போட்டிருந்த கன்னம் அது. அவள் உடம்பு தூக்கிப் போட்டது. தலை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. பிள்ளையைப் பிடித்திருந்த கைகள் இரண்டும் அசையவில்லை. தோளுக்கு மேலே அத்தனை ஆட்டம், மடியில் பிள்ளை அசங்காமல் கிடந்தது.

கோயில்களில் அலகு குத்திக்கொண்டு ஆடி வருகிறவர்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான் நான். அன்று பார்த்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களுக்கு மேளம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, தெய்வம் வந்து வலியை எடுத்துக்கொள்கிறது. இவளுக்கு எதிரே இருந்தவள் நான் ஒருத்தி, அதுவும் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த சொல்லுக்கு அடுத்த வெட்டு நிச்சயம் என்று தெரிந்துகொண்டே ஒரு மனுஷி வாயைத் திறந்தாள், மறுபடி திறந்தாள், மறுபடியும் திறந்தாள். எனக்கு அப்போதுதான் அது விரதம் இல்லை என்று புரிந்தது. பாசாங்கும் இல்லை என்று புரிந்தது. திட்டிக்கொண்டே அழுதேன். அழுகை வந்ததே எனக்குப் புதுசு.

"மெர்டேக்கா" என்று வாசலில் மாமியாரின் சத்தம். பின்னாலேயே அண்ணனும் தம்பியும். "சுதந்திரம் அடுத்த வருசம் ஆகஸ்டு மாசமாம்டி" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே சாமி, "நீலத்தைத் தண்ணியில கலக்கிட்டுத் துணியப் போடணும், துணி மேல ஊத்தக்கூடாது" என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, விரதம் போச்சே" என்று மாமியார் தலையில் கை வைத்தார். "என்னடி பண்ணி அவ வாயத் தொறக்க வச்சே?"

"விரதமும் இல்ல, மண்ணும் இல்ல அத்தை. வலி. அங்க பாருங்க."

அவர்கள் பார்த்தார்கள். அதுவரைக்கும் வலி வந்தால் அவள் மறைந்துகொள்வாள். அன்றைக்கு மறைவதற்கு அவளிடம் தெம்பு மிச்சமில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் எல்லாரும் பார்த்தார்கள். மூத்தவர் மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இப்படின்னு ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னேன்" என்றாள் அக்கா.

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். நானும் போனேன், அவள் விடவில்லை. டாக்டர் ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்துக் கன்னத்தில் லேசாகத் தொட்டார். தொட்டதும் அவள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, அங்கே கட்டுப் போடும் தமிழ் டிரெஸ்ஸரிடம் எங்களுக்குத் தமிழில் சொல்லச் சொன்னார். இது முகத்து நரம்பில் வருகிற வலி, இதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை, புத்திக்கும் சம்பந்தமில்லை, இந்த வலியோடு இத்தனை நாள் இருந்தால் எந்த மனசும் ஆடிப்போகும் என்றார். அக்கா அதைக் கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள். ஊசி போடுவதற்கு முன்பே, நோயின் பேரைக் கேட்டதற்கே அழுதாள். பிறகு என் கையைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவளையும் பாக்கச் சொல்லுங்க. எங்க வலிக்குதுன்னு இவளுக்குச் சொல்லத் தெரியல. ஆனா வலிதான்."

அந்த டாக்டர் என்னையும் உட்காரவைத்துக் கேட்டார். பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு, போய்விடும், ஆனால் தனியாக விடக்கூடாது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். தூங்குவதற்கு மருந்து கொடுத்தார்கள். ஒரே நாளில் விடிந்துவிடவில்லை. அக்காதான் பிள்ளையைக் குளிப்பாட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் வாக்கில் ஒரு நாள் பிள்ளை அழுதது, என் பிள்ளை அழுகிறாள் என்று தோன்றியது. எழுந்து ஓடினேன்.

அக்காவுக்குக் கன்னத்தில் ஊசி போட்டார்கள். அந்தப் பாதி முகம் மரத்துப்போயிற்று. வலியும் போயிற்று. தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, மரப்பு விட்டதும் வலி திரும்பி வரும், வந்தால் மறுபடி ஊசி என்றுதான் சொன்னார்கள். அப்படியேதான் ஆனது, வருஷக்கணக்காக.

சாமி பேசிவிட்டது என்று தெரிந்ததும் கூட்டம் குறைந்தது. சிகப்பி ஆச்சி மட்டும் வந்தார். வந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். "நாந்தேன் விரதம்னு சொல்லி உன் வாயக் கட்டிப்புட்டேன், ஆத்தா" என்றார். பிறகு, "இனிமே நீ பேசுனாலும் பரவால்ல, என் கதையக் கேளு" என்று வழக்கம்போல மருமகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், நடுநடுவே மருமகள் பக்கமும் பேசினாள்.

ஊசி போட்டுக் கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். மரத்த உதட்டின் வழியாக அவளுக்குக் கோப்பி வழிந்தது. துடைத்துக்கொண்டு சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது.

"ஏன்க்கா, விரதம்னு சொன்னப்ப நீங்க தலையாட்டியாவது இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"வலின்னு சொன்னப்ப யாரும் நம்பல. விரதம்னு ஆச்சி சொன்னாங்க, எல்லாரும் நம்பிட்டாங்க. நம்புறது எதுவோ அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஒரு கையாவது என்னைத் தொட்டுச்சில்ல."

நான் அடுத்ததைக் கேட்டேன். "அன்னிக்கு மட்டும் எங்கிருந்துக்கா உங்களுக்கு அவ்வளவு தைரியம்? நெனச்சா இன்னமும் எனக்கு மேலெல்லாம் சிலுக்குது."

அவள் கோப்பிக் குவளையைக் கீழே வைத்தாள்.

"தைரியமாவது. எல்லாரும் பாடாங்குக்குப் போகட்டும்னுதான் நானும் காத்துக்கிட்டிருந்தேன், சீதா. நானும் உஜோங் பாசிருக்குத்தான். நீ முந்திக்கிட்டே."

அவள் தொட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கையில புள்ள வேற. உன்னை அப்படியே விட்டுட்டு நான் எப்படிப் போறது? மொதல்ல இவள உக்கார வைப்போம், அப்பறம் நம்ம வழியப் பாப்போம்னு வாயத் தொறந்தேன். நீ விட்டாத்தானே? அவங்க போனதுலேர்ந்து ஒரே சண்டை. அதுக்குள்ள எல்லாரும் வந்துட்டாங்க."

அவ்வளவு வலியிலும் அவள் எனக்காக உட்கார்ந்திருந்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். செத்துப்போகத் துணிந்த ஒருத்தி, அந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, பிடிக்காத ஓரகத்தியிடம் கத்தரிக்காய்க்காகச் சண்டை போட்டிருக்கிறாள்.

"இனிமே கெளம்புறதா இருந்தா சொல்லிட்டுத்தான் கெளம்பணும்" என்றாள். "நீயும் சரி, நானும் சரி."

"சரிக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் வந்து சொன்ன நாட்கள் உண்டு, ஊசியின் மரப்பு விட்டு வலி திரும்பிய நாட்கள். அடுத்த பிள்ளை பிறந்தபோது நான் அவளிடம் போய்ச் சொன்ன நாட்களும் உண்டு. சொன்ன அன்றைக்கெல்லாம் மற்றவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.